அந்தமானில் எந்தக் கரை யாருக்கு?

"கடலைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? ராமேசுவரத்துல இல்லாத கடலா?" என்று என் மாமியார் கேட்டபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மதுரையிலிருந்து நாலு மணி நேரத்தில் போய்ச் சேருகிற கடலை விட்டுவிட்டு, சென்னைக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து, ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர் தாண்டிப் போய்க் கடலைப் பார்ப்பதா? ஆனால் என் வீட்டுக்காரர் டிக்கெட் வாங்கிவிட்டார். திருமணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் கோயில், கல்யாணம், கருமாதி தவிர நாங்கள் போன முதல் பயணம் இது. தைப்பூசம் முடிந்த மறுநாள் கிளம்பினோம்.

ஆறு பேர். எழுபத்தொரு வயசில் முழங்கால் வலியோடு மாமியார், நாங்கள் இருவர், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத எங்கள் பதினைந்து வயசுப் பையன், என் நாத்தனார், அவளுடைய மூன்றரை வயசுக் குட்டிப் பயல். நாத்தனாரின் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "அண்ணி இருக்காங்களே, பாத்துக்குவாங்க" என்று சொல்லித்தான் அவர் அனுப்பி வைத்தார். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் கூடவே ஒரு பட்டியலும் தந்திருந்தார். அஞ்சு நாளில் ஒன்பது கடற்கரை. பக்கத்திலேயே வண்ணப் படம். படத்தில் எல்லாக் கரையும் ஒரே மாதிரி நீலமாக, ஒரே மாதிரி வெள்ளை மணலாகத்தான் தெரிந்தன. போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, நம் வீட்டுக்குள் பெரியம்மா சுபாவம் வேறு, சின்னம்மா சுபாவம் வேறு என்கிற மாதிரி ஒவ்வொரு கரைக்கும் ஒரு குணம் இருக்கிறது. அந்தக் குணம் தெரியாமல் போனதால் நான் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் பெயர்கள். இதில் குழம்பாதீர்கள். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்னாடியே, 2018 டிசம்பரில், ஹேவ்லாக் தீவு சுவராஜ் தீவாகவும், நீல் தீவு ஷாஹீத் தீவாகவும் ஆகிவிட்டன. ஆனால் படகுக்காரர் வாயில் இன்னும் ஹேவ்லாக், நீல்தான். நானும் அப்படியே எழுதுகிறேன். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியேற்றிய ஊர்கள் இவை. ஹேவ்லாக்கில் கோவிந்த நகர், விஜய நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என்று கண்ணன் பெயராக வைத்திருக்கிறார்கள். நீல் தீவில் ராம நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். மாமியாருக்கு இதைக் கேட்டதும் பாதிக் கோபம் போய்விட்டது. "அப்ப இதுவும் க்ஷேத்திரம்தான்" என்றார்.

ஹேவ்லாக்கில் இறங்கிய அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு, பட்டியலில் முதலாவதாக இருந்த விஜய நகர் கரைக்குப் போனோம். அஞ்சாம் நம்பர் கரை என்றும் சொல்வார்கள். தென்னை மரம், நிழல், ஜிலுஜிலு காற்று எல்லாம் இருந்தது. கடலைத்தான் காணோம்! தண்ணீர் எங்கேயோ தூரத்தில் பளபளவென்று தெரிந்தது. நடுவில் முழுக்கச் சேறும் பாறையும் உடைந்த பவளமும். "கிட்டப் போய் நனைச்சுட்டு வருவோம்" என்று பையன் செருப்பைக் கழற்றி விட்டு ஓடினான். பத்தே அடியில் "அம்மா!" என்று ஒரு அலறல். பவளத் துண்டு உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. ரத்தம் நிற்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கரையில் இளநீர் விற்ற வங்காளத்து அம்மாள் பாதி இந்தியிலும் பாதி கையாலும் சொன்னார்: இந்த நேரத்துக்கு இங்கே தண்ணீர் இருக்காது, காலையில் பத்து மணிக்கு வந்து பாருங்கள். மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தோம். அதே இடம் கண்ணாடித் தொட்டி மாதிரி நிறைந்து கிடந்தது!

இதுதான் நான் கற்ற முதல் பாடம். நம் மெரினாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 1 மீட்டருக்குச் சற்று முன்பின்தான். கரையும் சரிவாக இருப்பதால் நமக்கு அது கண்ணில் படுவதே இல்லை. அந்தமானில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி 2 மீட்டர் அளவுக்குக் கடல் ஏறி இறங்குகிறது. கரை தட்டையாக இருந்தால் வீதி நீளத்துக்குத் தண்ணீர் விலகிவிடும். நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வடியும். சந்திரன் தினமும் தாமதமாக உதிக்கிற மாதிரியே இதுவும் தினம் ஏறத்தாழ 50 நிமிஷம் தள்ளிப் போகும். இன்றைக்கு நாலு மணிக்கு வடிந்தால் நாளைக்கு அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னால். தேய்பிறை, வளர்பிறை அஷ்டமி, நவமி சமயத்தில் ஏற்ற இறக்கம் குறைவு. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் தள்ளி வைக்கிற நாளில் கடல் அடக்கமாக இருக்கிறது பாருங்கள்! விடுதியில் கேட்டால் அன்றைய நேரத்தைச் சொல்கிறார்கள். செல்போனிலும் பார்க்கலாம். எங்கள் வீட்டில் பேப்பரில் ராகு காலம் பார்ப்பது மாதிரி அங்கே ஏற்ற நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

பையனின் காலை நல்ல தண்ணீரும் சோப்பும் விட்டு, உள்ளே ஒரு துணுக்கும் இல்லாமல் கழுவினேன். பவளக் காயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சின்னத் துணுக்கு உள்ளே தங்கினாலும் சீழ் பிடித்துவிடும். தடுப்பூசி போட்டு ரொம்ப நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசியும் வேண்டும். தீவிலேயே அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, போய்ப் போட்டுக்கொண்டு வந்தோம். எல்லோருக்கும் பின்பக்கம் வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கினேன். ஊரிலேயே வாங்கியிருந்தால் பாதி விலை.

அடுத்த நாள் ராதா நகர். ஏழாம் நம்பர் கரை. 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். 2020-ல் சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தருகிற நீலக்கொடிச் சான்றும் கிடைத்திருக்கிறது. மேற்குப் பார்த்த கரை, அதனால் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்தமானில் கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் சூரியன் நமக்கு முன்னாடியே எழுந்து முன்னாடியே படுத்துவிடும். பிப்ரவரியில் அஞ்சரைக்கெல்லாம் அஸ்தமனம். ஆறு மணிக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்தால் இருட்டைத்தான் பார்க்கலாம்.

கரை என்றால் இப்படி ஒரு கரை நான் பார்த்ததில்லை. கோதுமை மாவு சலித்துக் கொட்டின மாதிரி மணல். பின்னாலேயே வானம் தொடுகிற காட்டு மரங்கள். காலில் குத்த ஒரு கல் கிடையாது. மரம் இழுக்க வைத்திருந்த யானைகளைத் தீவுக்குத் தீவு நீந்த வைத்து ஓட்டிப் போவார்களாம். அதில் ராஜன் என்ற யானை ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கரையில் நீந்திக்கொண்டிருந்து 2016-ல் இறந்துபோனது. இந்தக் கதையைக் குட்டிப் பயலுக்குச் சொல்லிக்கொண்டே அவன் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றேன். நாத்தனார் கரையிலிருந்து, "அண்ணி, இந்தப் பக்கம் திரும்புங்க, ஒரு போட்டோ!" என்றாள். திரும்பினேன். கடலுக்கு முதுகைக் காட்டி.

என்ன நடந்தது என்று இப்போதுகூட வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு அலை முட்டியது. காலடி மணல் சரிந்தது. நான் கட்டியிருந்தது சேலை. அது தண்ணீரில் ஊறி இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினமாதிரி சுற்றிக்கொண்டது. விழுந்தேன். விழுந்தபோது என் கையில் குழந்தையின் கை இல்லை. எழுந்திருக்கப் பார்க்கிறேன், அடுத்த அலை. யாரோ விசில் ஊதுகிற சத்தம். உயிர்காவல் பணியில் இருந்த பையன் ஒருவன் பாய்ந்து வந்து, நுரைக்குள் உருண்டுகொண்டிருந்தவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனான். மொத்தம் பத்து வினாடிகூட இருக்காது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். குழந்தை இருமி, உப்புத் தண்ணீரைக் கக்கி, 'ஓ'வென்று அழுதான். அந்த அழுகையைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுத் துவட்டினாள். அதன் பிறகு ராத்திரி வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

அந்தக் காவல் பையன் தமிழ்ப் பையன். அங்கே நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "அக்கா, இந்தக் கரை மேல பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். ஆனா ஆழம் திடீர்னு வரும், அலையும் உண்டு. சின்னப் புள்ளைங்கள இங்க ஓரத்துல மணல்ல விளையாட விடுங்க, இறக்காதீங்க" என்றான். இன்னொன்றும் காட்டினான். வரிசையாக அலை உடைகிற இடத்தில், நடுவில் ஒரு இடத்தில் மட்டும் அலை உடையாமல் நிறம் கொஞ்சம் கறுத்து அமைதியாகத் தெரிந்தால், அதைப் பார்த்து ஏமாறக் கூடாதாம். கரையேறிய தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அது, ஆளை இழுத்துக்கொண்டு போகும். அதில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வரவேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நாம் 'அலை இல்லாத இடமாப் பார்த்து இறங்கு' என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோமே, அதை நினைத்து எனக்கு நடுங்கியது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த வண்ணப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, கரைகளை அடித்துவிட்டு, அதன் எதிரே ஆட்களை எழுதினேன். இது பெரியவனுக்கு, இது அத்தைக்கு, இது குழந்தைக்கு. ஒன்பதில் நாலை எடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர், "பணம் கட்டியாச்சேடி" என்றார். கட்டினது போகட்டும் என்றேன். அவரை எதிர்த்து நான் பேசினது அதிகமில்லை, அன்றைக்குப் பேசினேன்.

காலாபத்தர் என்கிற கரைக்கு விடியற்காலையில் சும்மா போய்வந்தோம். பெயரிலேயே கறுப்புக் கல் இருக்கிறது. கிழக்குப் பார்த்த கரை, சூரிய உதயம் அருமை. பாறை அதிகமாதலால் குளிக்க லாயக்கில்லை. உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம்.

எலிஃபென்ட் பீச்சுக்கு ஆண்பிள்ளைகள் இருவரையும் மட்டும் அனுப்பினேன். படகில் போக வேண்டும், அல்லது காட்டு வழியாக நடக்க வேண்டும். இரண்டும் மாமியார் முழங்காலுக்கு ஒத்துவராது. காலில் பிளாஸ்திரி போட்ட பையனைத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவன் கேட்டானா என்பதை நான் விசாரிக்கவில்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு மிதந்தபடியே பவளத்தையும் மீனையும் பார்க்கிற இடம் அது. 2010-ல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் நிறைய வெளுத்துச் செத்துப் போயிருக்கின்றன. ஆகவே படத்தில் இருக்கிற கலரை எதிர்பார்க்காமல் போக வேண்டும். மீன் மட்டும் குறைவில்லையாம்.

மறுநாள் நீல் தீவு. சின்னத் தீவு. படகுத் துறையை ஒட்டியே பரத்பூர் கரை. ஏற்ற நேரத்தை விசாரித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டை முடித்து, வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் ரெண்டரை மணிக்குப் போனோம். தண்ணீர் நிறைந்து, ஆனால் தெப்பக்குளம் மாதிரி அடங்கி இருந்தது. வெளியே பவளப் பாறை வரிசை அலையைத் தடுத்துவிடுகிறது. ரொம்ப தூரம் போனாலும் இடுப்பளவுதான். ஒரு பக்கம் மோட்டார் படகு விளையாட்டுக்காரர்கள் இரைச்சல் போடுகிறார்கள். அந்தப் பக்கம் போகாமல் தள்ளி உட்கார்ந்தோம்.

நான் சேலையைக் கட்டவில்லை. ராத்திரியே நாத்தனாரின் பாலியஸ்டர் சல்வாரை, தையல் பிரித்து இடுப்பு சரிசெய்து வைத்திருந்தேன். துப்பட்டா கிடையாது. நாற்பத்து நாலு வயசில் முதல்முறையாகச் சேலை இல்லாமல் வெளியில் நிற்கக் கூச்சமாகத்தான் இருந்தது. மாமியார் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதுமாதிரி ஒண்ணு வச்சிருக்கக் கூடாதா?" என்றார்!

அவருக்குக் கடல் என்றால் அக்னி தீர்த்தம்தான். மாமனார் திதிக்கு முங்கி எழுந்ததோடு சரி. இங்கே அவரை நைட்டியோடு ரெண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துப்போய் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தினோம். உடம்பின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொண்டது. வீட்டில் நாலு படி ஏற நாலு நிமிஷம் எடுக்கிறவர், தண்ணீருக்குள் இங்கேயும் அங்கேயும் நடக்கிறார்! "முட்டியில வலியே தெரியலடி" என்று சின்னப் பெண் மாதிரி சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. குழந்தை முதலில் தண்ணீரைப் பார்த்து நாத்தனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தான். பாட்டி உள்ளே நிற்பதைப் பார்த்துத்தான் பயம் தெளிந்தான். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் என்னைப் பார்க்காமலேயே, "அண்ணி, இவனைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க, நான் துண்டு எடுத்துட்டு வர்றேன்" என்றாள். கையைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். முகம் கடலைப் பார்த்து.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வற்றத்தில் லட்சுமண்பூர் பக்கம் இருக்கிற இயற்கைப் பாலம் பார்க்கப் போனோம். கடல் குடைந்த பாறை வளைவு. வற்றத்தில் போனால்தான் கிட்டே போக முடியும், குளங்களில் நண்டும் கடல் அட்டையும் பார்க்கலாம். வழுக்கும் பாறை. மாமியாரை அழைத்துப் போகாதது நல்லதாயிற்று.

போர்ட் பிளேருக்குத் திரும்பி ஒரு நாள் மீதமிருந்தது. கார்பின்ஸ் கோவ் ஊருக்குள்ளேயே இருக்கிறது, சாயங்காலம் காலாற நடக்கச் சரி. வண்டூரிலும் கார்பினிலும் முதலை எச்சரிக்கைப் பலகை பார்த்தேன். விளையாட்டுக்கு இல்லை. உவர்நீர் முதலை அங்கே உண்டு, 2010-ல் ஹேவ்லாக்கில் முக்குளித்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணையே கொன்றிருக்கிறது. அலையாத்திக் காடும் ஓடை வாயும் பக்கத்தில் இருக்கிற கரையில், இருட்டின பிறகோ விடியுமுன்னோ, ஆள் இல்லாத இடத்தில் இறங்கவே கூடாது. வலை கட்டின இடம் என்றால் வலைக்குள்ளேதான்.

ஜாலி பாய் தீவைப் பார்க்க எனக்கு ஆசை. 1983-ல் ஏற்படுத்திய மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் அது ஒரு தீவு. ஒரு பிளாஸ்டிக் பைகூட விடமாட்டார்கள், தண்ணீர் பாட்டிலுக்கே முன்பணம் வாங்கிக்கொண்டு திரும்பக் காட்டினால்தான் தருவார்கள். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது. ஆனால் பெரிய படகிலிருந்து சின்னப் படகுக்கு மாறித்தான் கரைக்குப் போகமுடியும் என்றார்கள். மாமியாரை விட்டுவிட்டுப் போக மனசில்லை, விட்டுவிட்டேன்.

சில்லறை விஷயங்கள் சில. தீவுக்குத் தீவு போகிற படகில் வாந்தி வருகிறவர்கள், டாக்டரிடம் கேட்டு வாங்கின மாத்திரையை ஏறுவதற்கு அரைமணி முன்னால் போட்டுக்கொண்டு, கீழ்த்தட்டில் நடுவாக உட்கார்ந்து தூரத்துத் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு வரலாம். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். ரெண்டு இட்லி போதும். மணல் ஈ என்று ஒன்று, கொசுவைவிடச் சின்னது, காலையிலும் அந்தியிலும் கடிக்கும். கடித்த இடத்தைச் சொறிந்தால் வாரக்கணக்கில் புண் ஆறாது. கால் மூடுகிற உடையும், முழங்கால் வரை தேங்காயெண்ணெயும் எங்களைக் காப்பாற்றின. பத்து மணியிலிருந்து மூணு மணி வரை குழந்தைகளை வெயிலில் விடாதீர்கள். தண்ணீரில் இருக்கும்போது சூடு தெரியாது, ராத்திரி தோள் எரியும்போதுதான் தெரியும். எலுமிச்சம்பழம், உப்பு, சர்க்கரை கையோடு இருக்கட்டும்.

விமான நிலையத்தில் எங்கள் பையைத் திறக்கச் சொன்னார்கள். பவளத்தையும் சில வகைச் சங்கு, சிப்பிகளையும் எடுத்துவரச் சட்டம் அனுமதிக்கவில்லை, செத்துக் கரையில் கிடந்த பவளமானாலும் சரி. எங்களிடம் ஒன்றும் இல்லை என்று நான் தைரியமாகச் சொன்னேன். உள்ளே, மாமியாரின் சுருக்குப் பையிலிருந்து வெள்ளையாக ஒரு பவளத் துண்டு வந்தது. "பூஜையில வைக்கலாம்னு எடுத்தேன்" என்றார் பாவமாக. வாங்கி வைத்துக்கொண்டு, "பரவாயில்லை அம்மா, போங்க" என்றார் அந்த அதிகாரி. விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் மாமியார் என்னிடம் குனிந்து, "அடுத்த தடவை அந்தச் சல்வார் எனக்கும் ஒண்ணு தைச்சுடு, இடுப்பு மட்டும் தாராளமா வை" என்றார்.